காசும் கேஷும் – ஒரு சொல்லின் வரலாறு

கேஷ் என்பது உலகெங்கும் அன்றாடம் வழங்கும் ஓர் ஆங்கிலச் சொல். கையிருப்பில் உள்ள ரொக்கப் பணத்தைக் குறிப்பது இதன் இன்றைய முதன்மைப் பொருளாகும். ஆயினும் பெரிய ஆங்கில அகராதிகளில் இச்சொல்லுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தனிப் பதிவுகள் காணப்படுகின்றன. அவற்றுள் ஒன்று பணம் வைக்கும் பெட்டியைக் குறித்த ஐரோப்பியச் சொல்லிலிருந்து வந்தது. மற்றொன்று தமிழ்ச் சொல்லாகிய காசு என்பதிலிருந்து போர்ச்சுக்கீசிய மொழி வழியாக வந்தது. எழுத்தும் ஒலியும் ஒன்றாகவே இருந்தாலும் இவை பிறப்பால் இரு வேறு சொற்கள்.

'கேஷ் என்ற ஆங்கிலச் சொல்லே தமிழிலிருந்து போனதுதான்' என்று மேடைப் பேச்சுகளிலும் பொது அறிவு நூல்களிலும் கூறப்படுவதுண்டு. இக்கூற்றில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. எந்தப் பொருளில் அது தமிழ்ச் சொல், எந்தப் பொருளில் அன்று என்பதைப் பிரித்தறிய, மயிலாப்பூரை அடுத்த சாந்தோமுக்கும் அதன் வடக்கே எழுந்த புனித ஜார்ஜ் கோட்டைக்கும் உரிய வாணிக வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

பெட்டியிலிருந்து பிறந்த கேஷ்

இலத்தீன் மொழியில் காப்சா என்றால் பெட்டி அல்லது பேழை. 'பிடித்து வைத்தல், கொள்ளுதல்' என்னும் பொருளுடைய வினையிலிருந்து அது பிறந்தது. இச்சொல் இத்தாலியில் காஸா என்றும், பிரெஞ்சில் கேஸ் என்றும், போர்ச்சுக்கீசியத்தில் கைஷா என்றும், டச்சில் காஸ் என்றும் திரிந்தது. வணிகர்கள் தங்கள் பணத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டியதால், பெட்டியின் பெயர் பணப்பெட்டிக்கு ஆகி வந்தது. பின்னர் அப்பெட்டிக்குள் இருக்கும் பணத்துக்கும் அதே பெயர் வழங்கலாயிற்று. தமிழ் இலக்கணத்தில் இதனை ஆகுபெயர் என்பர்.

ஆங்கிலத்தில் கேஷ் என்ற சொல் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் பணப்பெட்டி, ரொக்கம் ஆகிய இரு பொருள்களிலும் வழங்கத் தொடங்கியது. காலப்போக்கில் பெட்டி என்ற பொருள் மறைந்து, ரொக்கம் என்ற பொருளே நிலைத்தது. பணப்பெட்டியைக் காத்தவர் கேஷியர் ஆனார். காசோலையைக் கொடுத்துப் பணம் பெறுதலும் இச்சொல்லாலேயே வினையாக வழங்குகிறது.

அதே காப்சாவின் வழிவந்த உறவுச் சொற்கள் ஆங்கிலத்தில் பல உள்ளன. பெட்டி, உறை என்னும் பொருளில் வரும் கேஸ், மருந்துக் குளிகையைக் குறிக்கும் கேப்சூல், சிறு பெட்டி என்னும் பொருளுடைய கேசட் ஆகியவை அவற்றுள் சில. நீதிமன்ற வழக்கைக் குறிக்கும் கேஸ் இக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அது 'நேர்ந்தது, நிகழ்ச்சி' என்னும் பொருளுடைய வேறோர் இலத்தீன் சொல்லின் வழிவந்தது.

தமிழில் காசு

இரண்டாவது கேஷின் மூலம் தமிழ்க் காசு. தமிழிலேயே இச்சொல்லுக்குப் பல பொருள்கள் உண்டு. மணி, பளிங்கு மணி, மணிகள் கோத்த இடையணி, பொன், நாணயம், சிறு செப்பு நாணயம், பணம் எனப் பொருள்கள் விரிகின்றன. குற்றம் என்ற பொருளும் இதற்கு உண்டு. 'காசறு' என்றால் குற்றம் நீங்கிய என்று பொருள். பெண்கள் அணியும் காசுமாலை, அணிகலன், நாணயம் ஆகிய இரு பொருள்களும் ஒன்றுசேரும் இடம்.

இலக்கண மாணவர்களுக்குக் காசு இன்னொரு வகையிலும் தெரிந்த சொல்லாகும். வெண்பாவின் ஈற்றுச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கு வாய்பாடுகளுள் ஒன்றால் முடிய வேண்டும். பாட்டு, வீடு, நன்று போன்ற சொற்கள் காசு என்னும் வாய்பாட்டில் அடங்கும்.

சங்க இலக்கியத்தில் காசு பெரும்பாலும் அணிகலனில் கோக்கப்படும் பொன் அல்லது மணியைக் குறிக்கிறது. அக்காலத்திலேயே நாணயங்களின் தரத்தைச் சோதிக்கும் தொழிலர் இருந்தனர். அவர்கள் வண்ணக்கர் எனப்பட்டனர். வடம வண்ணக்கன் பேரிசாத்தனார் என்ற புலவரின் பெயரில் அத்தொழிற்பெயர் நிலைத்திருக்கிறது.

சோழர் காலக் கல்வெட்டுகளில் காசு நாணயமாகவே பேசப்படுகிறது. பழங்காசு, ஈழக்காசு, இராசராசன் காசு எனப் பல வகைகள் குறிக்கப்படுகின்றன. மாடை என்பது ஒரு கழஞ்சுப் பொன் நாணயம் என்றும், காசு அதில் பாதி என்றும் கல்வெட்டு ஆய்வாளர்கள் கணித்துள்ளனர். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், கோயிலுக்கு அளிக்கப்பட்ட காசுகள் ஊர்ச் சபைகளிடம் வட்டிக்கு விடப்பட்ட செய்தி வருகிறது. ஒரு காசுக்கு ஆண்டுக்கு எட்டில் ஒரு பங்குக் காசு வட்டி. அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. அக்காலத்தில் காசு என்பது சில்லறை அன்று, மதிப்புமிக்க பொன்.

பிற்காலச் சோழர் ஆட்சியிலும் அதன் பின்னும் நாணயத்தின் தரம் படிப்படியாகக் குறைந்தது. விசயநகரக் காலத்தில் பொன் நாணயம் வராகன் என்றும், அதனினும் சிறியது பணம் என்றும் வழங்கப்பட்டன. காசு செப்பு நாணயத்தின் பெயராக நின்றது. ஐரோப்பியர்கள் தமிழகக் கடற்கரையில் இறங்கியபோது அவர்கள் கண்டது இந்தச் செப்புக் காசைத்தான்.

காசு என்ற சொல்லின் வேர் குறித்து அறிஞரிடையே இரு கருத்துகள் உள்ளன. 'கர்ஷ' என்ற வடமொழி எடைப் பெயரோடும், 'கார்ஷாபண' என்ற பழைய நாணயப் பெயரோடும் அதனைத் தொடர்புபடுத்துவோர் ஒரு சாரார். திராவிடச் சொல்லாகவே கொள்வோர் மற்றொரு சாரார். எந்தக் கருத்தைக் கொண்டாலும், போர்ச்சுக்கீசியர் காதில் விழுந்த வடிவம் தென்னாட்டு வழக்கில் இருந்த காசு என்பதில் ஐயமில்லை.

சாந்தோமும் போர்ச்சுக்கீசியரும்

போர்ச்சுக்கீசியர் 1498இல் கோழிக்கோட்டை அடைந்தனர். 1511இல் மலாக்காவைக் கைப்பற்றினர். இயேசுவின் சீடரான தோமாவின் கல்லறை மயிலாப்பூர்க் கடற்கரையில் இருப்பதாகக் கேள்வியுற்று 1517 அளவில் இங்கு வந்தனர். 1520களில் அவ்விடத்தைத் தோண்டிப் பார்த்துக் கோயில் எழுப்பினர். அதனைச் சுற்றி வளர்ந்த ஊருக்குச் சாவோ தோமே என்று பெயரிட்டனர். அப்பெயரே சாந்தோம் என்று திரிந்தது. 1606இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் இவ்வூரைத் தலைமையிடமாகக் கொண்டு தனி மறைமாவட்டத்தை நிறுவினார். இன்று காணப்படும் வெண்ணிறப் பேராலயம் அப்பழைய கோயில் இருந்த இடத்தில் 1896இல் கட்டி முடிக்கப்பட்டது.

சாந்தோம் வழிபாட்டுத் தலம் மட்டுமன்று. 16ஆம் நூற்றாண்டில் அது ஒரு துறைமுக நகரம். உள்நாட்டில் நெய்து சாயமிட்ட துணிகள் இங்கிருந்து மலாக்காவுக்கும் பெகுவுக்கும் சென்றன. நறுமணப் பொருள்களும் பிற சரக்குகளும் திரும்பி வந்தன. கோவாவில் இருந்த அரசாங்கத்தின் நேரடிப் பிடி இங்குத் தளர்வாகவே இருந்தது. இவ்வூர்ப் போர்ச்சுக்கீசியருள் பலர் தனி வணிகர்கள். உள்ளூர்ப் பெண்களை மணந்து இங்கேயே குடியமர்ந்தவர்களும் உண்டு. அவர்களது வீடுகளிலும் கடைத்தெருவிலும் இரு மொழிகளும் கலந்தன.

அக்கலப்பின் சான்றுகள் இன்றும் தமிழில் உள்ளன. ஜன்னல், சாவி, மேசை, அலமாரி, கோப்பை, ஏலம், பாதிரி ஆகியவை போர்ச்சுக்கீசியத்திலிருந்து வந்த சொற்கள். தமிழிலிருந்து அவர்கள் கொண்ட சொற்களுள் ஒன்று காசு.

போர்ச்சுக்கீசியர் காசை எழுதியபோது அதனைக் கைஷா என்று எழுதினர். அவர்கள் மொழியில் பெட்டிக்கும் அதே சொல்தான். அயல்மொழிச் சொல் ஒன்று காதில் விழும்போது, கேட்பவர் அதனைத் தமக்குத் தெரிந்த ஒரு சொல்லின் சாயலில் ஒலிப்பது இயல்பு. பணத்தோடு தொடர்புடைய பெட்டி என்னும் சொல் ஏற்கெனவே அவர்களிடம் இருந்ததால், காசு எளிதில் அவ்வடிவத்தை ஏற்றது. இலத்தீன் பெட்டியும் தமிழ்க் காசும் ஒரே வடிவத்தில் வந்து சேர்ந்தது இவ்வாறுதான்.

இம்மாற்றம் சாந்தோமில் மட்டும் நிகழ்ந்தது என்று கூற இயலாது. மலையாள நாட்டிலும் காசு வழங்கியது. கொங்கணக் கடற்கரையிலும் அதை ஒத்த வடிவம் இருந்திருக்கலாம். ஆயினும் சோழமண்டலக் கரையில் தமிழரும் போர்ச்சுக்கீசியரும் நாள்தோறும் கொடுக்கல் வாங்கல் செய்த முதன்மையான ஊர்களுள் சாந்தோம் ஒன்று.

கிழக்கே சென்ற காசு

போர்ச்சுக்கீசியக் கப்பல்கள் இச்சொல்லை மலாக்காவுக்கும் சாவகத்துக்கும் சீனத்துக்கும் கொண்டு சென்றன. அங்கே நடுவில் சதுரத் துளையிட்ட, மதிப்புக் குறைந்த உலோக நாணயங்கள் புழங்கின. அவற்றையும் கைஷா என்றே அழைத்தனர். 1598இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்ட லின்ஸ்கோட்டன் என்ற டச்சுப் பயணியின் நூலில், சாவகத்து நாணயம் இப்பெயரால் குறிக்கப்படுகிறது. பின்னர் ஆங்கிலேயரும் சீன நாணயத்தைக் கேஷ் என்றே வழங்கினர்.

சீனர் தம் மொழியில் அந்நாணயத்தைக் கேஷ் என்று சொல்வதில்லை. அவர்கள் சொல் சியென் என்பது. துளைகளில் கயிறு கோத்து, ஆயிரம் நாணயங்களை ஒரு சரமாகக் கணக்கிடுவது அவர்கள் மரபு. இந்த நாணயங்கள் தமிழகத்துக்கு முற்றிலும் புதியனவும் அல்ல. சோழர் காலத்தை ஒட்டிய சீன வணிகத்தின் அடையாளமாக, அத்தகைய நாணயக் குவியல்கள் தஞ்சாவூர் வட்டாரத்தில் கிடைத்துள்ளன. இன்றும் நாணயவியல் நூல்களில் சீனத்துத் துளை நாணயம் கேஷ் என்ற பெயரிலேயே பட்டியலிடப்படுகிறது. தமிழ்நாட்டுக் கடைத்தெருச் சொல் ஒன்று, தமிழரும் சீனரும் அல்லாத மூன்றாவது ஒருவர் வாயால் சீன நாணயத்துக்குப் பெயராயிற்று.

கோட்டையின் கணக்கேடு

1639 ஆகஸ்ட் 22 அன்று ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி, சாந்தோமுக்கு வடக்கே கோட்டை கட்டிக்கொள்ள நாயக்கரிடம் அனுமதி பெற்றது. நாணயம் அச்சிடும் உரிமையும் அவ்வனுமதியில் அடங்கியிருந்தது. புதிய ஊரில் குடியேறியவர்களுள் சாந்தோம் போர்ச்சுக்கீசியரும் இருந்தனர். சோழமண்டலக் கரையில் வெவ்வேறு நாட்டு வணிகர்கள் தம்முள் பேசிக்கொள்ளப் போர்ச்சுக்கீசிய மொழியே பெரிதும் உதவியது. கம்பெனியின் கோட்டைகளில் பணியாற்றும் மதகுருக்கள் ஓராண்டுக்குள் அம்மொழியைக் கற்க வேண்டும் என்று 1698ஆம் ஆண்டுச் சாசனமே விதித்தது.

சாந்தோம் பின்னர் பலர் கைக்கு மாறியது. 1662இல் கோல்கொண்டாப் படை அதனைப் பிடித்தது. 1672இல் பிரெஞ்சுக்காரர் பிடித்து, 1674இல் இழந்தனர். 1749இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆட்சி மாறினாலும் சந்தைச் சொற்கள் நிலைத்தன. கைஷா ஆங்கிலேயர் நாவில் கேஷ் ஆயிற்று.

கோட்டையில் கணக்கு எழுதியவர்களுள் தமிழ்க் கணக்குப்பிள்ளைகள் முக்கியமானவர்கள். அவர்கள் வழியாகவே உள்ளூர் நாணய முறை கம்பெனி ஏட்டில் ஏறியது. அம்முறை பின்வருமாறு:

80 காசு = 1 பணம்
42 பணம் = 1 நட்சத்திர வராகன்
எனவே 3,360 காசு = 1 நட்சத்திர வராகன்

வராகனை ஆங்கிலேயர் பகோடா என்றும், பணத்தை ஃபனம் என்றும், காசைக் கேஷ் என்றும் எழுதினர். தமிழில் செல்வத்தைக் குறிக்கும் பொதுச் சொற்களான பணம், காசு ஆகிய இரண்டும் இவ்வாறு ஒரு காலத்தில் தனித்தனி நாணயங்களின் பெயர்களாக இருந்தவை.

பழைய சென்னை ஆவணங்களைப் படிக்கும் ஆய்வு மாணவர்கள் இங்கு மிகுந்த கவனம் கொள்ள வேண்டும். ஒரே கணக்கேட்டில் கேஷ் என்ற சொல் இரு பொருளில் வரும். தலைப்பில் வரும்போது அது ரொக்கக் கணக்கு. வராகன், பணம் ஆகியவற்றுக்கு அடுத்த மூன்றாவது பத்தியில் வரும்போது அது செப்புக் காசின் எண்ணிக்கை. முதலாவது பெட்டி வழிவந்த சொல். இரண்டாவது தமிழ்ச் சொல். இதனை அறியாதவர், மூன்றாம் பத்தியில் உள்ள எண்ணைப் பெருந்தொகை என்று கொண்டுவிடக்கூடும்.

எடுத்துக்காட்டாக, 5 வராகன் 20 பணம் 40 காசு என்று ஒரு தொகை இருப்பதாகக் கொள்வோம். இதனைக் காசாக மாற்றினால்:

5 வராகன் = 16,800 காசு
20 பணம் = 1,600 காசு
மீதி = 40 காசு
மொத்தம் = 18,440 காசு

இக்கணக்கில் 'கேஷ்' என்னும் பத்தியில் உள்ள 40, அரைப் பணம் மட்டுமே. முழுத் தொகையோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறியது.

இந்த விகிதம் கணக்கேட்டில் நிலையானது. கடைத்தெருவில் அவ்வாறு இல்லை. செப்பு நாணயம் மிகுந்தால் ஒரு பணத்துக்குக் கூடுதல் காசு கேட்பார்கள். குறைந்தால் குறைந்த காசுக்கே பணம் கிடைக்கும். நாணயம் மாற்றித் தரும் சராப்புகள் ஒவ்வொரு மாற்றத்துக்கும் வட்டம் பிடித்துக்கொள்வர். கம்பெனி அலுவலரின் சம்பளம் வராகனில் கணக்கிடப்பட்டது. கூலியாளும் கீரை விற்பவளும் கையாண்டது காசு. எனவே மாற்று விகிதம் ஏறி இறங்கியபோது சில்லறையில் பிழைத்தவர்களே அதன் பாதிப்பை முதலில் உணர்ந்தனர்.

பர்மிங்காமில் அச்சான காசு

18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை செப்புக் காசுகள் கையால் அடித்தே செய்யப்பட்டன. வடிவும் எடையும் சீராக இருப்பதில்லை. இங்கிலாந்தின் பர்மிங்காம் அருகே சோகோ என்ற இடத்தில் மாத்யூ போல்டன் நீராவி ஆற்றலால் இயங்கும் நாணயச் சாலையை நடத்திவந்தார். கம்பெனி சென்னை மாகாணத்துக்கான செப்புக் காசுகளை அங்கு அச்சிடச் செய்தது. 1803ஆம் ஆண்டு பொறித்த காசுகளும், 1808ஆம் ஆண்டு பொறித்த 10 காசு, 20 காசு நாணயங்களும் அங்கு உருவானவை.

20 காசு நாணயத்தின் ஒரு பக்கத்தில் கம்பெனியின் சின்னம் உள்ளது. மறுபக்கத்தில் பாரசீக எழுத்தில் 'இருபது காசு நான்கு ஃபலூஸ்' என்னும் பொருளில் ஒரு தொடர் உள்ளது. அதன் கீழே ஆங்கிலத்தில் உரோமானிய எண்ணோடு கேஷ் என்ற சொல் பொறிக்கப்பட்டிருக்கிறது. பாரசீகத் தொடரில் அச்சொல் காஸ் என்ற வடிவில் வருகிறது. ஒரே செப்பு வில்லையில் ஒரு தமிழ்ச் சொல் இரு அயல்மொழி எழுத்துகளில், இரு ஒலியில் பதிவாகியிருப்பது குறிப்பிடத்தக்கது.

1809 ஜனவரியில், அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் இத்தகைய காசுகளைப் பீப்பாய்களில் ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்டது. இங்கிலாந்தின் கென்ட் கடற்கரையை ஒட்டிய குட்வின் மணல்திட்டில் புயலில் சிக்கி அது மூழ்கியது. அதில் இருந்த செப்பு நாணயங்களின் எடை ஏறத்தாழ 48 டன். 1980களில் முக்குளிப்போர் இலட்சக்கணக்கான காசுகளை வெளியே எடுத்தனர். மெழுகில் பொதிந்திருந்தவை புதிது போலவே இருந்தன. சென்னைச் சந்தைக்கு வந்து சேராத அந்தக் காசுகள் இன்று உலகெங்கும் நாணயம் சேகரிப்போரிடம் உள்ளன.

தரங்கம்பாடி, புதுச்சேரி, திருவிதாங்கூர், புதுக்கோட்டை

ஆங்கிலேயர் மட்டுமன்றி, தமிழகக் கரையில் வணிகம் செய்த பிற ஐரோப்பியரும் காசு என்னும் பெயரையே ஏற்றனர். தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை இருந்த டேனியர், 1, 4, 10 காசு மதிப்பில் செப்பு நாணயங்கள் வெளியிட்டனர். அவற்றில் காஸ் என்ற பெயர் பொறிக்கப்பட்டது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் அதனைக் காஷ் என்று வழங்கினர். அவர்களுடைய டுடு என்ற செப்பு நாணயத்தில், ஊரின் பெயர் தமிழ் எழுத்தில் பொறிக்கப்பட்டிருந்தது.

திருவிதாங்கூர் அரசில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய் என்ற கணக்கு இருந்தது. இந்தியா விடுதலை பெற்ற பின்பும் சிறிது காலம் அங்குக் காசு நாணயம் புழங்கியது. அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த கன்னியாகுமரிப் பகுதியின் முதியோர் பேச்சில் சக்கரம் என்ற சொல் நெடுங்காலம் நிலைத்திருந்தது.

புதுக்கோட்டைத் தொண்டைமான் மன்னர்கள் அம்மன் காசு வெளியிட்டனர். ஒரு பக்கத்தில் திருக்கோகர்ணம் பிரகதாம்பாளின் உருவமும், மறுபக்கத்தில் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்ற சொல்லும் இருக்கும். நவராத்திரி நாள்களில் அரிசியோடு இக்காசும் மக்களுக்கு வழங்கப்பட்டது. ஆங்கிலேயர் ஆட்சியின் கீழ் தனி நாணயம் வைத்திருந்த தமிழ்நாட்டுச் சமஸ்தானம் என்ற சிறப்பு புதுக்கோட்டைக்கு உண்டு.

இலங்கையில் சிங்கள மொழியில் காசி என்றால் நாணயம். இலங்கைத் தமிழரின் பேச்சில் பணத்துக்குப் பொதுச் சொல்லே காசுதான். தமிழ்நாட்டில் 'பணம் இருக்கிறதா' என்று கேட்கும் இடத்தில், யாழ்ப்பாணத்தில் 'காசு இருக்கோ' என்று கேட்பார்கள்.

ரூபாய்க் கணக்குக்கு மாற்றம்

1818 ஜனவரியில் கம்பெனி அரசு சென்னை மாகாணத்தில் வெள்ளி ரூபாயை நிலையான நாணயமாக்கியது. 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று மாற்று விகிதம் வகுக்கப்பட்டது. அதன்படி 12 பணம் ஒரு ரூபாய். 960 காசு ஒரு ரூபாய். ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 பை. எனவே 60 காசு ஓர் அணாவுக்கும், 5 காசு ஒரு பைக்கும் சமமாயின. மேலே காட்டிய 18,440 காசைப் புதிய முறையில் எழுதினால் 19 ரூபாய் 3 அணா 4 பை ஆகும்.

வராகனும் பணமும் காசும் அரசாங்கக் கணக்கிலிருந்து படிப்படியாக விலகின. நாணயம் மறைந்தாலும் மக்கள் பெயரைக் கைவிடவில்லை. வராகன் இலக்கியத்துக்குள் ஒதுங்கியது. பணம் செல்வத்தின் பொதுப் பெயராயிற்று. காசு சில்லறையின் பெயராக நின்றது. 1957 ஏப்ரல் 1 அன்று இந்தியாவில் பதின்ம நாணய முறை வந்து, ஒரு ரூபாய்க்கு 100 நயா பைசா என்று ஆனபோது, தமிழ் மக்கள் பைசாவையும் காசு என்றே அழைத்தனர். ஐந்து காசு, பத்து காசு என்று ஒரு தலைமுறை எண்ணியது. 25 பைசாவும் அதற்குக் குறைந்த நாணயங்களும் 2011 ஜூன் 30 முதல் செல்லாதவை ஆயின.

ஒரே சொல்லின் மதிப்பு எவ்வாறு மாறியது என்பதைக் கீழ்க்காணும் பட்டியல் சுருக்கமாகக் காட்டும்:

11ஆம் நூற்றாண்டு – அரைக் கழஞ்சுப் பொன் நாணயம்
18ஆம் நூற்றாண்டு – வராகனில் 3,360இல் ஒரு பங்கான செப்பு நாணயம்
1818 – ரூபாயில் 960இல் ஒரு பங்கு
1957க்குப் பின் – பேச்சுவழக்கில் ரூபாயில் நூறில் ஒரு பங்கு

ஒலியால் ஒத்த பிற சொற்கள்

கேஷ் என்ற ஒலியோடு தொடர்புடையனவாகத் தோன்றும் வேறு சில ஆங்கிலச் சொற்களையும் மாணவர்கள் பிரித்தறிய வேண்டும்.

கணினியில் விரைந்து எடுப்பதற்காகத் தரவைச் சேமித்து வைக்கும் இடமும் கேஷ் என்றே ஒலிக்கப்படுகிறது. அதன் எழுத்துக்கூட்டு வேறு. 'ஒளித்து வைத்தல்' என்னும் பொருளுடைய பிரெஞ்சு வினையிலிருந்து அது வந்தது. புதுச்சேரிக் காசைப் பிரெஞ்சுக்காரர் எழுதிய எழுத்துக்கூட்டும் இந்தக் கணினிச் சொல்லின் எழுத்துக்கூட்டும் ஒன்றே என்பது தற்செயலான ஒற்றுமை.

கேஷியர் என்பது பெயர்ச்சொல்லாக வரும்போது காசாளர். வினையாக வரும்போது படை அலுவலர் ஒருவரை இழிவோடு பணிநீக்கம் செய்தலைக் குறிக்கும். பணிநீக்கம் செய்யும் சொல்லுக்கு மூலம் 'வெறுமையாக்குதல், செல்லாததாக்குதல்' என்னும் பொருளுடைய வேறோர் இலத்தீன் சொல். அது டச்சு, பிரெஞ்சு மொழிகள் வழியாக ஆங்கிலத்தில் நுழைந்தது. பணப்பெட்டிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

முந்திரியைக் குறிக்கும் கேஷ்யூ என்ற சொல் பிரேசில் நாட்டுப் பழங்குடியினரின் துப்பி மொழியிலிருந்து போர்ச்சுக்கீசியர் வழியாக வந்தது. மரத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்களும் அவர்களே. முந்திரி பணப்பயிராக இருப்பதால் அப்பெயர் வந்தது என்று எண்ணுவது தவறு.

'கேஷ் தமிழ்ச் சொல்' என்னும் கூற்று

இதுவரை கண்ட சான்றுகளின் அடிப்படையில் அக்கூற்றை மதிப்பிடலாம். 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் என்ற ஆங்கில-இந்தியச் சொற்களஞ்சியம், காசிலிருந்தோ அதை ஒத்த கொங்கணி வடிவத்திலிருந்தோ போர்ச்சுக்கீசியர் கைஷா என்ற வடிவை உருவாக்கினர் என்றும், அதிலிருந்து நாணயப் பெயரான கேஷ் வந்தது என்றும் கூறுகிறது. இதன் ஆசிரியர்கள் ஹென்றி யூல், ஆர்தர் பர்னல் ஆகிய இருவர். பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாகப் பணியாற்றியவர். தென்னாட்டு மொழிகளை நன்கு கற்றவர். பிற்கால அகராதிகளும் நாணயப் பெயருக்குத் தமிழ் மூலத்தையே காட்டுகின்றன.

எனவே கீழைநாடுகளின் சிறு நாணயத்தைக் குறிக்கும் கேஷ் தமிழ் வழிவந்தது என்று உறுதியாகக் கூறலாம். சென்னை, தரங்கம்பாடி, திருவிதாங்கூர் நாணயங்களும் சீனத்து நாணயமும் இதில் அடங்கும். வங்கியிலும் கடையிலும் இன்று வழங்கும் ரொக்கம் என்னும் பொருளுடைய கேஷ் ஐரோப்பியப் பெட்டிச் சொல்லிலிருந்து வந்தது. கீழைநாட்டு வணிகத்தில் ஈடுபட்ட ஆங்கிலேயர் இரண்டையும் ஒரே நாவால் சொன்னதால் ஒன்றை மற்றொன்று வலுப்படுத்தியிருக்கலாம். ஆனால் அதனைப் பிறப்புறவாகக் கொள்ள முடியாது.

இவ்வேறுபாட்டை ஒப்புக்கொள்வதால் தமிழுக்குக் குறைவு ஏதும் இல்லை. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் ஆகிய சொற்கள் ஆங்கிலத்துக்குச் சென்றதற்கு ஐயமற்ற சான்றுகள் உள்ளன. சான்று உள்ளதைச் சான்றோடு சொல்லும்போதுதான் பிறர் ஏற்பர். மிகைப்படுத்திய ஒரு கூற்று பொய்யென்று காட்டப்பட்டால், அதனோடு சேர்ந்து உண்மையான கூற்றுகளும் ஐயத்துக்கு உள்ளாகும். காசு ஐந்து மொழிகளின் எழுத்தில் ஏறிய வரலாறே போதிய பெருமை உடையது.

இன்றைய வழக்கு

இன்றைய தமிழ்ப் பேச்சில் காசும் கேஷும் அருகருகே வாழ்கின்றன, பொருளில் மாறுபடுகின்றன. கடைக்காரர் 'கேஷா, கார்டா?' என்று கேட்டால், அட்டையோ அலைபேசியோ அல்லாத ரொக்கம் உண்டா என்பது கேள்வி. 'காசு எடுத்து வந்தாயா?' என்றால் எவ்வகைப் பணமாகவும் இருக்கலாம். 2016 நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, கேஷ் இல்லை என்பது பலகைகளில் எழுதித் தொங்கவிடப்பட்ட தொடராயிற்று. மருத்துவமனைகளில் கேஷ்லெஸ் என்றால் நோயாளி கையிலிருந்து கட்டாமல் காப்பீட்டு நிறுவனம் நேரடியாகச் செலுத்தும் முறை. வேளாண்மையில் கேஷ் கிராப் என்பது பணப்பயிர்.

தமிழ்ச் சொல்லாக்கத்தில் காசு புதிய வடிவங்களும் பெற்றுள்ளது. செக் என்பதற்குக் காசோலை என்றும், கேஷியர் என்பதற்குக் காசாளர் என்றும் தமிழில் பெயர் அமைந்தது. பெட்டியைக் காத்தவரைக் குறித்த ஐரோப்பியச் சொல், தமிழுக்கு வந்தபோது காசை ஆள்பவர் என்று மாறியது. செல்லாக்காசு, சல்லிக்காசு, பத்துக் காசு பெறாதது ஆகிய வழக்குகளில் பழைய செப்பு நாணயம் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.